முப்பத்திரண்டு எம்.பி.யும் ஒரு சந்தனப் பொட்டும்

11-10-2005, செவ்வாய்

காலையிலிருந்தே மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். ஆயுத பூஜை.

கடையைக் கழுவி வரிசையாக வைத்தது: கம்ப்யூட்டர் 4, யு.பி.எஸ்., பிரிண்டர், சால்டரிங் ராடு, ஸ்க்ரூ டிரைவர் செட், மல்டிமீட்டர். கடைசியில், மனசே இல்லாமல், சேகருடைய விளையாட்டு டப்பா.

இந்த டப்பா மேல் வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. சேகர் பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி வைத்திருப்பவன். நான் அசெம்பிள் செய்த பி.சி.தான் அவன் வீட்டில். ஜூனில் கார் ரேஸ் கேம் திக்குகிறது என்று வந்தான். ராம் 256 பத்தாது, கிராஃபிக்ஸ் கார்டும் புதுசு வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன், போன சனிக்கிழமை இதோடு வந்து நின்றான். கன்சோல். சிங்கப்பூர் அண்ணன் அனுப்பியது. டி.வி.யில் மாட்டினால் அதே கேம். பிளக் நம் ஊர் சுவரில் நுழையவில்லையாம், மாற்றித் தர வேண்டுமாம். அதுவும் என்னிடமே!

நேற்று மாற்றினேன். ஓடியது. படத்தை வேண்டுமென்றே பார்க்கவில்லை.

இன்றைய பெரிய விஷயம், நைனா கடைக்கு வந்தது. கண்டிகையில் ஒரே வீட்டில் இருக்கிறோம், திருத்தணியில் கடை திறந்து மூன்று வருஷம், ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. "டீச்சராவான்னு படிக்க வெச்சா, பொட்டி கயட்டிகினு குந்தினு கீறா" என்று பஸ்ஸில் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னவர். இன்று கையில் பூசணிக்காயோடு இறங்கினார்.

"போர் மோட்டாருக்கு வெச்சாச்சி. உன்துக்கும் வெக்கறேன், தள்ளு."

சந்தனக் கிண்ணம் அவர் கைக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, மாட்டுக்கு வைப்பது போல. நான் பொரி பொட்டலம் கட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

பூஜையில் வைத்ததை இன்று தொடக்கூடாது. பூட்டிவிட்டு இருவரும் ஒரே பஸ்ஸில் வீடு.

12-10, புதன்

விஜயதசமி. எல்லாவற்றையும் ஆன் செய்யும் நாள். கம்ப்யூட்டர் நான்கும் ஓகே.

சேகர் டப்பா: டிஸ்க் போட்டால் படிக்கவில்லை. மூன்று தடவை போட்டேன். மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால், லென்ஸ் மேல் சந்தனம். நடுவில் குங்குமம். நன்றாகக் காய்ந்திருந்தது.

துடைப்பதற்காக மூடியைத் திறந்து வைத்தது நான். மூட மறந்ததும் நான்.

வீட்டுக்கு வந்து, சும்மா கேட்பது போல் கேட்டேன்.

"அந்தச் சின்னப் பொட்டிக்கு எங்க வெச்சீங்க நைனா?"

"அதுக்கு நெத்தி எதுன்னே தெரில. கண்ணு ஒண்ணு மின்னிகினு இருந்துச்சி. அதுலயே வெச்சேன். ஏம்மா, ஓடுதா?"

"ஆங். ஓடுது."

பொய். வேறு என்ன சொல்ல? மூன்று வருஷம் கழித்து வந்த மனுஷன். உங்களால்தான் கெட்டது என்றால் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். சேகர் சனிக்கிழமை வருகிறான். அதற்குள் சரி செய்தாக வேண்டும். இவருக்குத் தெரியாமல்.

13-10, வியாழன்

மதியம் ஒரு தூறல். கரண்ட் இரண்டு முறை போனது.

வேண்டியவை: ஸ்பிரிட், காது குடையும் பஞ்சு, சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பொறுமை.

லென்ஸ் சுத்தமாகிவிட்டது. இருந்தும் படிக்கவில்லை. லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் சந்தனப் பொடி இறங்கியிருக்கிறது. முழுசாகக் கழற்றாமல் ஆகாது. கழற்றினேன்.

உள்ளே இருந்தது ஒரே போர்டு, அதுவும் என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். செருக இடம் இல்லை, சேர்க்க இடம் இல்லை, நாளைக்கு இதை மாற்றிக்கொள்ளலாம் என்கிற பேச்சே இல்லை. ராம் எங்கே என்று தேடினேன். நகம் அளவு சிப். நம்பரைக் குறித்துக்கொண்டு நெட்டில் பார்த்தேன்.

32 எம்.பி.

ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேனோ என்று திரும்பப் பார்த்தேன். 32 தான். படம் வரைகிற சிப்புக்குத் தனியாக 4 எம்.பி. அவ்வளவே. இதெல்லாம் 2000த்தில் வந்த சரக்கு, இன்றுவரை அப்படியே.

256 பத்தாது என்று சேகரிடம் எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்! பொய்யும் இல்லை, பி.சி.யில் அந்த கேமுக்கு நிஜமாகவே பத்தாது. அப்புறம் எப்படி இதில் மட்டும்?

பால் வாங்க மறந்துவிட்டேன்.

14-10, வெள்ளி

தண்டவாளம் துடைத்து, துளி கிரீஸ். 11.20க்கு டிஸ்க் சுற்றியது. சத்தம் மாறியதிலேயே தெரிந்துவிட்டது.

இந்தத் தடவை படத்தைப் பார்த்தேன். நின்றுகொண்டே பார்த்தேன். ஈர ரோடு, அதில் விளக்கு வெளிச்சம், பக்கத்துக் காரின் கதவில் நம் காரின் நிழல். 32 எம்.பி.யில். மயிர்க்கூச்செறிந்தது. மலைக்கோயிலில் தீபாராதனை காட்டும்போது ஒரு நொடி வாய் தன்னால் திறக்குமே, அப்படித் திறந்தது. எனக்கே சிரிப்பு. எதிரி டப்பா!

பக்கத்திலேயே கடை பி.சி.யில் அதே கேமைப் போட்டேன். திக்கித் திக்கி வந்தது. இங்கேதான் இன்னொன்று பிடிபட்டது. பி.சி.யில் மெனுவை மவுஸால் தொட முடியாது. 'பட்டனை அழுத்தவும்' என்கிற இடத்தில் கீ போர்டில் இல்லாத ஏதோ ஒரு பட்டனின் படம். இத்தனை நாளும் காப்பி டிஸ்க், கோளாறு என்று நினைத்திருந்தேன். கோளாறு இல்லை. அது டப்பாவின் பட்டன்! இந்த கேம் பிறந்ததே டப்பாவுக்கு. பிறகுதான் அப்படியே தூக்கி பி.சி.க்கு மாற்றியிருக்கிறார்கள்.

உலகத்தில் இருக்கும் இந்த டப்பா அத்தனைக்கும் உள்ளே ஒரே சாமான். ஐந்து வருஷமாக மாறவில்லை. கேம் எழுதுகிறவனுக்கு அதன் மூலை முடுக்கு எல்லாம் அத்துப்படி, 32க்குள் மடக்கி மடக்கி வைத்துவிட்டான். பி.சி. அப்படியா? நான் கூட்டிய நான்கே நாலு விதம். அவன் எதைப் பார்த்து எழுதுவான்? இன்னும் ராம் போடு என்று சொல்லிவிட்டுப் போகிறான், நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரிச்சி தெருவில் எனக்குக் கார்டு தருகிற மொத்தக் கடைக்காரருக்கு போன். ஏன் கார்டு கேட்டு ஆள் வருவது குறைந்திருக்கிறது என்றேன்.

"கேம் எல்லாம் டப்பா சைசுக்கே வந்துகினு கீதும்மா. பழைய கார்டே போதும்னு குந்திக்கினானுங்க. இரு, இந்த வருஷக் கடைசில வெளிநாட்டுல புது டப்பா வருதாம். அதுக்குப் படம் போடற சிப்பு செஞ்சது யாருன்ற? நம்ம கார்டு கம்பெனிதான். பி.சி.க்கே இன்னும் வராத சங்கதி அதுல மொதல்ல வருதாம்."

போனை வைத்த பிறகும் நெடுநேரம் அதே நினைப்பு. பி.சி. நம் மலையின் 365 படியை ஏறுகிற மாதிரி, நாளுக்கு ஒரு படி. டப்பா ஐந்து வருஷம் ஒரே படியில் உட்கார்ந்துவிட்டு ஒரே தாவாகத் தாவுகிறது. அது உட்கார்ந்தால் கேமும் உட்காரும், பி.சி.க்கும் ஏற அவசரம் இல்லை. அது தாவினால் இது ஓட வேண்டும். அது தாவுகிற பலமோ பி.சி. கார்டு செய்கிறவனிடமிருந்து. யார் யாரை இழுக்கிறார்கள்? தெரியவில்லை. திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்ததே, அது போதும்.

குங்குமக் கறை ஒன்று மட்டும் மூடி மடங்கும் இடத்தில். ஸ்பிரிட்டுக்கும் போகவில்லை.

15-10, சனி

வெயில். கிருத்திகை இல்லை, இருந்தும் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம்.

பத்து மணிக்கு சேகர் வந்தான். டி.வி.யில் போட்டுக் காட்டினேன், பூரித்துப் போனான். உனக்குக் கார்டு இப்போது வேண்டாம், புது டப்பா வரட்டும், அதற்குப் பிறகு வருகிற கேமைப் பார்த்து வாங்கு என்று நானே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வாசலில் நைனா. சொல்லவே இல்லை வருகிறேன் என்று.

"மிசினு ஓடறத பாக்கலாம்னு வந்தேன்."

சேகர் டிஸ்க்கை எடுக்க மூடியைத் திறந்தான். "இன்னாக்கா இது, செவப்பா?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நைனா முந்திக்கொண்டார், பெருமையாக. "நான்தாம்ப்பா வெச்சேன். பூஜைக்கி. அந்தக் கண்ணுல."

சேகர் சிரித்துவிட்டான். "அய்ய, பெரியவரே! தறிக்கி நாங்களுந்தான் வெக்கறோம். வெக்கறது மரத்துல. பாவு மேல வெச்சா நூலு இன்னாத்துக்கு ஆவும்?"

நைனா முகம் சுருங்கிப் போனது. என்னைப் பார்த்தார். மேஜை மேல் ஸ்பிரிட் பாட்டில், சந்தன நிறத்தில் பஞ்சுக் குவியல். முட்டாள், நேற்றே குப்பையில் போட்டிருக்க வேண்டும்.

"கெட்டுப் பூட்ச்சா? அன்னிக்கி ஓடுதுன்னியே."

"இப்ப ஓடுது நைனா. பாருங்க."

பார்த்தார். ஈர ரோட்டில் கார் திரும்பியது. "இம்மாஞ்சூண்டு பொட்டிக்குள்ளயா?" என்றார். பிறகு, "அத்த நீ கயட்டி மாட்டுனியா?"

சேகர் டப்பாவைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். நைனா கிளம்புவார், இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு கம்ப்யூட்டர்கள் முன்னால் உட்கார்ந்தார்.

"இதுங்களுக்கு எங்கெங்க கண்ணு கீதுன்னு காட்டு. வர வருசம் தள்ளி வெக்கறேன்."

ஒவ்வொன்றாகக் காட்டினேன்.