பலகைக்குள் என் முடி

பெரியவனின் அப்பாவுக்கு, சின்னவன் வீட்டிலிருந்து எழுதுவது. உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை, வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிறது.

சின்ன மருமகள் வீட்டிலேயே பரிமாறும் பலகை செய்து விற்கிறாள். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே ரெசின் என்ற நீலப் பிசினை ஊற்றினால், இறுகியதும் ஆறு ஓடுவது போலிருக்கும். மரத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தே நான் பொழுதை ஓட்டினேன். போன வாரம் ஊற்றியதும் ஆசையாகக் குனிந்து பார்த்தேன். என் நரைமுடி ஒன்று உள்ளே விழுந்து, அப்படியே இறுகிவிட்டது. ஊசியால் நோண்டியும் வரவில்லை. என் தலையில் இருந்தவரை அதற்கு அவ்வளவு பிடிப்பு இருந்ததில்லை.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க அத்தை. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள். சின்னவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உங்கள் பிள்ளை ஆயிற்றே. பிள்ளைகள் நம்மை ஆளுக்கொருவராகப் பிரித்துக்கொண்ட அன்று நீங்களும், "கொஞ்ச நாள்தானே, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தீர்கள். மறக்கவில்லை.

இப்போது கைக்கு வேலையில்லை. தூசு விழுமென்று ஜன்னலும் திறப்பதில்லை. பெரியவன் சரியென்றால்தான் நான் அங்கே வர இவன் டிக்கெட் போடுவானாம். அவனிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

விலைபோகாத அந்தப் பலகையைச் சின்னவனின் சிநேகிதனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீலத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிவது நான்தான். தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் வருகிறாள், நிறுத்துகிறேன். சூடான டம்ளரை அதன்மேல் வைக்காதீர்கள். இளகிவிடும்.