சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்

ஜூன் 3, செவ்வாய்
ஏழு மணிக்கே வெயில். வலங்கைமான் அரிசி ஆலைக்கு விசிறி இறக்கை வார்க்கும் அச்சு. அலுமினியம். சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஏழு மணி நேர வெட்டு. உலோகம் வெட்டும் என் சி.என்.சி. மெஷின் பழையது, புரோகிராம் முழுவதும் அதன் மெமரியில் ஏறாது. கம்ப்யூட்டரிலிருந்து கேபிளில் வரி வரியாக ஊட்ட வேண்டும். பாகம் பிரித்ததில் மெஷின் எனக்கு, கம்ப்யூட்டர் தம்பி செல்வராஜுக்கு. நடுவில் அவன் எழுப்பிய சுவர். சுவரில் ஓட்டை, ஓட்டையில் கேபிள்.

பத்தாவது நிமிடம் மெஷின் நின்றது. கேபிளை உருவிவிட்டான். பிறகு காகிதத்தோடு வந்தான், துணைக்கு ஒரு கரை வேட்டி. ரோட்டுக்குப் போகும் வழி முழுவதும் அவன் பட்டாவில் சேர எனக்குச் சம்மதமாம். தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் கொடுக்க.

"கையெழுத்தப் போடுங்கண்ணே. கேபிள் தானா வரும்."

முடியாது என்றேன். கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனான்.

ஜூன் 4, புதன்
திருவையாறு. ஜெராக்ஸ் கடை ஜப்பார் பாய். லேப்டாப் தருவார், ஆனால் கடை திறக்கும் முன், மதியம், அடைத்த பின் மட்டும். மற்ற நேரம் கடையில் ஜமாபந்தி மனு அடிக்க வரும் கூட்டம். போதும். பென் டிரைவில் வைத்திருந்த புரோகிராமை, மெமரி கொள்ளும் அளவுக்கு ஏழாக வெட்டினேன். ஒரு துண்டு ஏற ஐந்து நிமிடம். ஏறிவிட்டால் கேபிள் வேண்டாம்.

"ஒரு தம்பிக்குப் பயந்து ஏழு துண்டாண்ணே?"

பாய் கேட்டுக்கொண்டே டீயை நீட்டினார். டீ வேண்டாம் என்றேன். குடித்தேன்.

ஜூன் 5, வியாழன்
பிரஷர் மாத்திரை தீர்ந்தது.
1, 2, 3 சரி. 4-ல் கட்டர் முறிந்தது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் கட்டரைச் சுழலவிடும் வரி வேண்டும். நாலாவதில் எழுதவில்லை. சுழலாத கட்டர் நேராக உலோகத்தில் இறங்கிவிட்டது. என் தப்பு. யாரிடமும் சொல்லப் போவதில்லை. நல்லவேளை, அந்த இடம் இன்னும் சீவ வேண்டியது. தடம் போய்விடும். மாற்றுக் கட்டர் ஒன்றே ஒன்று.

சுவருக்கு மேல் அவன் தலை. "சத்தத்தக் காணுமே. பேனா கொண்டாரட்டுமாண்ணே?"

"கொண்டா. உள்ள சிக்கினதக் குத்தி எடுக்கணும்."

ஜூன் 6, வெள்ளி
4 மறுபடியும். 5, 6. பாய் ஜும்மாவுக்குப் போகையில் லேப்டாப்பை என்னிடமே விட்டுப்போனார். 7 முடிந்தது, மணி மூன்றே கால். விரலால் தடவிப் பார்த்தேன். தடம் இல்லை.

ஜூன் 7, சனி
ஆலைக்காரர் கலியமூர்த்தி வேனோடு வந்தார். வழியின் குறுக்கே தம்பியின் டிராக்டர். பேட்டரி இறங்கிவிட்டதாம். நேற்று வரை ஓடியது. பின்பக்கம் காய்ந்த வாய்க்காலில் இறங்கி, அச்சை இருவரும் தூக்கிப்போய் வேனில் வைத்தோம். தம்பி பார்த்துக்கொண்டே நின்றான்.

கலியமூர்த்தி: "அடுத்த வாரம் தண்ணி வந்துரும். அப்ப எப்படிங்க?"

நீந்தி, என்றேன்.

அடுத்த வேலையும் கொடுத்துவிட்டுப் போனார். முழங்கால் வீக்கம். கதவிடுக்கில் அவன் காகிதம் அப்படியே இருந்தது. எடுத்து, பின்பக்கத்தில் புது வேலைக்குத் துண்டு பிரித்தேன். ஒன்பது வருகிறது.