உப்புத் தண்ணீரில் ஊறிய ரம்புத்தான்

கோலா சாவா தோட்டம்,
சனிக்கிழமை

அன்புள்ள இசபெல் அக்காவுக்கு ஜோசலின் எழுதுவது. நீயும் யூஜின் அத்தானும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

முதலில் நான் பார்த்தது எறும்பைத்தான். ரம்புத்தானை அம்மா உப்புத் தண்ணீரில் போட்டால் கொத்துக்குள் இருக்கும் எறும்பெல்லாம் விளிம்பில் ஏறி ஓடுமே, போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட ஏறவில்லை. எல்லாம் செத்து மிதந்தன. உப்பு அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வழக்கம்போல் பல்லால் தோலைக் கடித்து உரித்து ஒரு தட்டு நிறையத் தின்றேன்.

அன்று மாலையே வயிறு பிசைந்து வாந்தி வந்தது. மறுநாளும் நிற்கவில்லை. கன்று நர்சரி வேலைக்குப் போகாமல் அப்பாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து ரந்தாவ் கிளினிக்குக்குப் போனேன். என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டதற்கு ரம்புத்தான் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. பள்ளியை விட்ட பிறகு என் வாய் இன்னும் கட்டிப்போனது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அம்மா, “நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து இதைத்தானே தின்னுற, இப்ப மட்டும் வயித்துக்கு என்ன கேடு? அளவா தின்னணும்லா” என்று ஏசினார்.

படுத்திருந்தபோதுதான் டிரம் நினைவுக்கு வந்தது. பழைய வாளி உடைந்துவிட்டதால் அம்மா புது நீல டிரம்மில் ஊறவைத்திருந்தார். களைக்கு அடிக்கும் மருந்து தீர்ந்த டிரம்களை, அப்பாவை வேலை வாங்கும் மண்டோர் ராமசாமி பாதியாக அறுத்து நம் லயத்தில் நான்கு வீட்டுக்குக் கொடுத்தாராம். அந்த மருந்துதான் காரணம் என்று நான் சொன்னேன், அம்மா கேட்கவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியாயிற்றாம்.

வியாழக்கிழமை வயிறு சரியானது. அம்மா பார்க்கும்படியே மரத்திலிருந்து பன்னிரண்டு பழம் பறித்து, அந்த டிரம் தண்ணீர் படாமல் தின்றேன். “கொழுப்புடி உனக்கு” என்றார். நேற்று மாலை வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அம்மா அதே டிரம்மில் ஊறவைத்து உனக்கு ஒரு பை கட்டிவிட்டார். “மாசமா இருக்கிற பிள்ள வாய் விட்டுக் கேட்டிருக்கு, வெறுங்கையாவா அனுப்பறது?” என்கிறார்.

இன்று காலை அந்தப் பையைக் குழி வெட்டிப் புதைத்தேன். டிரம்மின் அடியை வெட்டுக்கத்தியால் கிழித்தேன். அம்மா அழுதார். “மண்டோர் காதுக்குப் போனா நாளைக்கு என்னைத்தான் ஏசுவான்” என்று அப்பா வெளியே போய்விட்டார்.

போனில் சொன்னால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போடுவார், எனக்குப் பேச்சே வராது. அதனால்தான் உங்கள் ஊர் அம்பாங்கானுக்கு லாரி ஓட்டும் முகுந்தன் அண்ணனிடம் பழத்துக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். அம்மாமேல் வருத்தப்படாதே. அடுத்த ஞாயிறு மரத்திலிருந்து நேராகப் பறித்து நானே கொண்டுவருகிறேன். அதுவரை நம் வீட்டிலிருந்து வந்தது என்று யார் எதைக் கொடுத்தாலும் தின்னாதே, அக்கா. பிள்ளையை நினைத்துக்கொள்.

உன் தங்கை
ஜோசலின்

பி.கு. மடித்த கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். மற்ற மூன்று வீட்டிலும் அந்த டிரம் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் செல்லம் அத்தை அதில் பிடித்த தண்ணீரில்தான் அரிசி கழுவுகிறாராம். திரும்பி வந்த அப்பா, அதைச் சொல்லப் போகவேண்டாம் என்றார். இரண்டு தடவை அத்தை வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். பிறகு போய்க் கதவைத் தட்டி, அந்தத் தண்ணீர் வேண்டாம் அத்தை என்று சொன்னேன்.