நீ வெட்டி எறிந்த பாதி

ஷுப்ரா, கெய்ரோ

அன்பு மகன் ரம்ஸிக்கு உம்மாவின் சலாம். அந்தக் குளிரூரில் உன்னையும் மருமகளையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே வாப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, உன் தங்கை ஹனான் வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று, எனக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ.

வாசகசாலையில் அரபி, ஹீப்ரு சொற்களைப் பற்றி நான் பேசிய வீடியோவை அனுப்பச் சொன்னாய், உம்மா குரலைக் கேட்டு நாளாச்சு என்றாய், நானும் பூரித்துப்போய் ஹனானை விட்டு அனுப்பினேன். அதைக் கத்தரித்து, உன் பெயர் போடாத அந்தச் சேனலில் ஏற்றுவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. கறிக்கடை ஃபத்ஹிதான் முதலில் சொன்னார், 'டாக்டரம்மா, யூதங்க வேதத்துலயே நம்ம நபி பேரைக் கண்டுபிடிச்சிட்டீங்களாமே, இன்னிக்குக் கறிக்குக் காசே வேணாம்' என்று. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சேனலைப் பார்த்தால், ஹீப்ரு வேதத்தில் வரும் 'மஹமத்திம்' என்ற சொல்லுக்கும் நபியின் பெயருக்கும் வேரெழுத்து ஒன்றுதான் என்கிறேன், கைதட்டுகிறார்கள், அத்தோடு முடிகிறது. அடுத்த வாக்கியம் எங்கே ரம்ஸி? வேர் ஒன்று என்பதால் அது பெயராகிவிடாது, அங்கே ஒரு பெண் தன் காதலனை இனிமையே உருவானவன் என்கிறாள், அவ்வளவுதான் என்றேனே. அரபியும் ஹீப்ருவும் அக்கா தங்கை, ஒருத்தி சட்டையை மற்றவளுக்கு மாட்டிவிட்டு ஆளே இவள்தான் என்று சாதிக்கக்கூடாது என்றேனே. கருணைக்கும் கருப்பைக்கும் இரண்டு மொழியிலும் ஒரே வேர் என்று உன்னை நினைத்துத்தான் சொன்னேன், அதையும் வெட்டிவிட்டாய். போனில் கேட்டால், 'நம்ம மார்க்கத்துக்காக, தீனுக்காகத்தான் செஞ்சேன் உம்மா, ஜனங்களுக்கு ஈமான் கூடுது' என்கிறாய். நபி மேல் எனக்கு உன்னைவிடப் பிரியம் குறைவா? எதிரிகளே நம்பிக்கைக்குரியவர் என்று அழைத்த மனிதருக்குப் பொய்யிலா மாலை கட்டுவாய்?

பல்கலைக்கழகத்தில் என்னிடம் ஹீப்ரு படித்த இன்ஸாஃப், இப்போது அவளே பாடம் நடத்துகிறாள், அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். 'மேடம், எங்களுக்கு வேற மாதிரில்ல சொல்லிக் குடுத்தீங்க' என்று கேட்டுவிட்டு டீயைத் தொடாமல் போய்விட்டாள். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வியாழக்கிழமை அதே வாசகசாலைக்குப் போய் முழுவதையும் திரும்பச் சொன்னேன், வெட்டிய விஷயத்தையும் சொன்னேன். பலர் எழுந்து போனார்கள், ஃபத்ஹி இப்போது என் சலாமுக்கு முணுமுணுக்கிறார், போகட்டும். இன்ஸாஃப் எழுந்து, 'யார் மேடம் வெட்டினது?' என்றாள். முன் வரிசையில் வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். தெரியாது என்றேன். உண்மையைச் சொல்லப்போன மேடையில், உனக்காக.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மருமகளிடம் எரிந்து விழாதே, தொழுகையை விடாதே, உம்மாவின் துஆ உன்னை விட்டுப் போகாது. அந்த வீடியோவை எடுத்துவிடு. இன்ஸாஃப் இன்னொரு தடவை கேட்டால் நான் உன் பெயரைச் சொல்லிவிடுவேன்.

உன்னைப் பெற்றவள்,
இஸ்மத்