எனக்கு ஃபண்டு, டோரீனுக்குப் பங்கு

பிளசென்ஷியா விரிகுடா,
அக்டோபர் 20, ஞாயிறு.

அன்புள்ள அம்ப்ரோஸுக்கு,

உன் மனைவி மஜெல்லா எழுதுவது. நான் நலம். நீ மணலிலிருந்து எண்ணெய் எடுக்கிற அந்தச் சுரங்க முகாமில் இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறவளுக்கு இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் இதைச் சொன்னால் ஒன்று நீ சிரிப்பாய், இல்லை நான் கத்துவேன். காகிதத்தில் இரண்டுக்கும் வழியில்லை. உன் தம்பி சிரில் செவ்வாய்க்கிழமை அங்கே வேலைக்கு விமானம் ஏறுகிறான். அவன் பையில் இதையும் ஒரு பொட்டலம் உப்பு மீனையும் இரண்டு பாட்டில் ஜாமையும் வைத்து அனுப்புகிறேன். ஒரு பாட்டில்தான் வந்து சேர்ந்தது என்றால் அவனைக் கேள், என்னைக் கேட்காதே.

போன வாரக் காற்றில் கொட்டகைக் கூரையில் நாலு ஓடு பறந்துவிட்டது. சிரில் வந்து அடித்துக் கொடுத்தான். கடமான் வேட்டைக்கு உங்கள் இருவர் பெயரிலும் சேர்த்துக் குலுக்கலில் விழுந்த உரிமத்தில் அவன் ஒன்றைச் சுட்டுவிட்டான். நம் பாதி ஃப்ரீசரில் இருக்கிறது. விறகு போதும். என் முழங்கால் பழையபடிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் கோயில் மண்டபத்தில் சீட்டாட்டம் நடந்ததே, அன்றைக்குத் தபால் அலுவலக டோரீன் என் எதிரில் உட்கார்ந்தாள். புதுப் பல் கட்டியிருந்தாள். வீட்டுக்குப் புதுக் கூரை போட்டாயிற்றாம், குளிருக்குப் போர்ச்சுகல் போகிறாளாம். ஒரு சென்ட் வரி கட்டாமல் எல்லாம் வரியில்லாக் கணக்கிலிருந்து எடுத்த காசாம். நாலு பெண்களுக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் புருஷன் கை ராசியான கைடி மஜெல்லா. எட்டாயிரம் டாலரைக் குடுத்தேன், அறுபத்தோராயிரம் ஆக்கிட்டான். நீயெல்லாம் இந்நேரம் எவ்வளவு சேர்த்து வெச்சிருப்பே, சொல்லவே மாட்டேங்கறியே" என்றாள். நான் சிரித்தேன். என்னிடம் இருந்த நல்ல சீட்டை அடுத்த ஆட்டத்தில் தப்பாக இறக்கித் தோற்றேன்.

வீட்டுக்கு வந்து என் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். சமநிலை ஃபண்டு. பாதி கடன் பத்திரம், பாதி பங்கு. அவள் வாங்கிய அதே பிப்ரவரியில் நீ எனக்குப் போட்ட எட்டாயிரம், பதினோராயிரத்துச் சொச்சம் ஆகியிருக்கிறது. இத்தனை வருடத்தில்.

கோபம் எங்கே வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிப்ரவரியும், ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போடக் கடைசித் தேதி நெருங்கும்போது நீ விடுமுறையில் வருகிறாய். உனக்குக் கிடைப்பது எட்டே நாள். அந்த எட்டு நாளும் நம் படகுத்துறை ஊரில் ஒவ்வொரு வீட்டு அடுக்களையாக ஏறி இறங்கி, யார் எதை வாங்குவது என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறாய். வளரக்கூடியதை வரியில்லாக் கணக்கில் போடு, லாபத்தொகை தருகிற அமெரிக்கக் கம்பெனியை ஓய்வுக்காலக் கணக்கில் போடு, அங்கே போட்டால்தான் அமெரிக்காக்காரன் வரி பிடிக்க மாட்டான் என்று நீ சொல்வது இங்கே சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். கூலியாக மீன் வடையும் தேநீரும் வாங்கிக்கொள்கிறாய். அதை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை, எனக்கு அதில் பெருமையும் உண்டு.

ஆனால் டோரீன் வீட்டில் நீ மூன்று மணி நேரம் இருப்பாய். ரோட்டில் போகிறவர்களுக்கு உங்கள் சிரிப்பு கேட்கும். உனக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம், வயதான பிறகு எங்கே போக ஆசை என்றெல்லாம் நீ விசாரித்தாய் என்று அவளே சொன்னாள். என் கணக்குக்கு நீ எடுத்துக்கொள்வது பத்து நிமிடம். "உனக்கு அதே ஃபண்டுதான் மஜெல்லா, இங்க ஒரு கையெழுத்து" என்பாய். எனக்கு எங்கே போக ஆசை என்று இருபத்தாறு வருடத்தில் நீ கேட்டதில்லை. நம் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் நீ அவளோடு நடனத்துக்குப் போனது துறை முழுக்கத் தெரிந்த கதை. அதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டாமல் படி. சீட்டாட்டம் முடிந்த மறுநாளே வரியில்லாக் கணக்கில் நீ வருடா வருடம் போட்டுச் சேர்ந்திருந்த ஃபண்டில் பாதியை, நாற்பதாயிரத்தை, விற்று வெளியே எடுத்தேன். அடுத்த வாரம் வேறொரு வங்கியில் அதே மாதிரிக் கணக்குத் திறந்து, நாற்பதாயிரத்தையும் போட்டு, டோரீன் வைத்திருக்கிற அந்த டொரண்டோ மென்பொருள் கம்பெனிப் பங்கையே வாங்கினேன். ஒரே கம்பெனி, மொத்தப் பணம். நீ கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாய் என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

என் பணத்தை நானே எடுத்து நானே திருப்பிப் போட்டேன், இதில் யாருக்கு என்ன என்றுதான் நினைத்தேன். போன வியாழக்கிழமை வேறு வேலையாகப் பழைய வங்கிக்குப் போனபோது, கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ அம்மா, வெளியே எடுத்தா அந்தத் தொகையைத் திரும்பப் போடற உரிமை ஜனவரி ஒண்ணாந்தேதிதான் கெடைக்கும். உங்களுக்கு அரசாங்கம் வெச்ச உச்சவரம்பு வரைக்கும் ஏற்கனவே போட்டாச்சு. இப்ப நாப்பதாயிரம் அதிகமா போட்டதாத்தான் வரி ஆபீஸ் கணக்குப் பண்ணும். மாசம் ஒரு சதவீதம் அபராதம்மா" என்றாள். மாதம் நானூறு டாலர். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று மூன்று மாதம் ஆகிவிட்டது. ஊருக்கே சொல்லிக் கொடுக்கிற அம்ப்ரோஸின் மனைவி என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும். நல்லவள், சிரிக்கவில்லை.

அந்தப் பங்கும் விழுந்திருக்கிறது. நாற்பதாயிரம் இன்று முப்பத்து மூன்றாயிரம். இன்னொன்றையும் சொல்லிவிட்டால் மனசு லேசாகும். தினமும் காலையில் விலை பார்க்கிறேன். விழுந்திருந்தால் சந்தோஷப்படுகிறேன். என் காசும் போகிறது, தெரியும். ஆனால் டோரீனுக்குப் போகிறதே என்று ஒரு சந்தோஷம். என் தேநீர்கூட அன்றைக்கு இனிப்பாக இருக்கிறது. ஏறினால் அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடிவதில்லை. இதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, அது எந்தக் கம்பெனி என்று. அவருக்கும் நீதான் வாங்கிக் கொடுத்திருப்பாய்.

இந்த மாதம் முடிவதற்குள் நாற்பதாயிரத்தை வெளியே எடுத்துவிட்டால் அடுத்த மாத அபராதம் விழாது. எந்தக் கணக்கிலிருந்து எடுத்தாலும் சரிதான் என்றாள் அந்தப் பெண். அதாவது உன் ஃபண்டை விற்றுவிட்டு டோரீனுடைய பங்கை வைத்துக்கொள்ளலாம். அல்லது பங்கை விற்றுவிட்டு ஃபண்டை வைத்துக்கொள்ளலாம். உன்னைக் கேட்டால் விழுந்த விலையில் விற்காதே, பொறு என்பாய். நீ சொல்வது சரியாகவும் இருக்கும். மூன்று நாள் யோசித்தேன். முப்பதாம் தேதி புதன்கிழமை போய் அந்தப் பங்கை விற்கப் போகிறேன். குறைகிற ஏழாயிரத்தை மட்டும் உன் ஃபண்டிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள். அந்தப் பங்கு நாளைக்கே வானத்துக்கு ஏறலாம். ஏறட்டும். அது வேறொருத்தியின் ஆசையைக் கேட்டு அவளுக்காக நீ பொறுக்கியது. அதை நான் வைத்துக்கொண்டிருந்தால், அவள் சட்டையை உடுத்திக்கொண்டு தெருவில் நடக்கிற மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் இன்று மதியம் சிரிலிடம் கொட்டிவிட்டேன், வேறு யாரிடம் சொல்வேன். அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "அண்ணி, இதை நான் அவன்கிட்டயே கேட்டிருக்கேன். ஊருக்கெல்லாம் ஏறுற பங்கா பொறுக்கிக் குடுக்கறே, அண்ணிக்கு மட்டும் ஏன்டா கெழவி ஃபண்டுன்னு. அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? மத்தவங்க காசு போனா தொப்பியைக் கழட்டி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரலாம், மஜெல்லா காசு போனா நான் எங்கடா போய் நிப்பேன்னான்" என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

நான் பாத்திரம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. போகவில்லை. என் காசைத் தொடவே நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் போனதே என்று இன்னும் கொஞ்சம் கோபம்தான் கூடியிருக்கிறது. இத்தனை வருடமும் அதை நான் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூடுதல் சம்பளம் என்று அடுத்த விடுமுறைக்கு வராமல் அங்கேயே தங்கிவிடாதே. வந்துவிடு. கடவுள் உன்னை அந்தப் பனி ரோட்டிலும் விமானத்திலும் பத்திரமாகக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும் பிப்ரவரியில் டோரீன் வீட்டுக்குப் போ, நான் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் என்னைக் கேள், எனக்கு எங்கே போக ஆசை என்று. கேட்டுவிட்டு எனக்கும் ஒன்றைப் பொறுக்கிக் கொடு. அதில் போட்ட காசு போனால் போகட்டும், அம்ப்ரோஸ். என் காசு முழுக்கப் போனாலும் நீ வந்து நிற்க வேண்டிய இடம் இந்த வீடுதான்.

இப்படிக்கு,
கதவைப் பூட்டாமல் வைத்திருக்கும்
மஜெல்லா