பஞ்சு தூங்குகிறான்

ஏப்ரல் 6

இன்றும் எனக்கே வெற்றி. ஹேர் டிரையரைப் போட்ட மாத்திரத்தில் பஞ்சு தூங்கிவிட்டான். அக்காவின் மகன், பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பஞ்சு என்பது நான் வைத்த பெயர். தூக்கினால் கையில் இருப்பதே தெரியாது, அவ்வளவு லேசு. என் முறை சுலபம்: துணியில் கெட்டியாகச் சுற்று, வாயில் ரப்பர் சூப்பானை வை, டிரையரை எட்ட நின்று ‘உஷ்’ என்று ஓடவிடு.

கீழ் வீட்டுக்காரர் படியில் நிறுத்திக் கேட்டார். “உங்க வீட்ல குழந்தை வந்திருக்குன்னாங்க. சத்தத்தையே காணோம்?”

“மியூட்ல வெச்சிருக்கோம் அங்கிள்.”

ஏப்ரல் 8

அம்மா சலவைக்கடைக்குப் போய்விட்டால் பகலில் நானும் அக்காவும்தான். மாமா, அதாவது அக்காவின் கணவர், கப்பல் வேலையில். திரும்பி வர மாதங்கள் ஆகும். படுக்கும்போது அக்கா எனக்குப் போடும் கட்டளை ஒன்றுதான்: “லேசா நெளிஞ்சாலும் என்னை எழுப்புடி. வாயைத் தொறந்து தொறந்து மூடினா பசின்னு அர்த்தம்.”

நெளிந்தான். திறந்து மூடினான். அக்காவைப் பார்த்தேன். ஒரு காலில் செருப்போடு, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். தையல் போட்ட இடம் வேறு இன்னும் வலிக்கிறதாம். இவளையா எழுப்புவது? சூப்பான். டிரையர். ஒரே பந்தில் இரண்டு விக்கெட்.

எழுந்ததும், “ஏன்டி எழுப்பல?”

“அவன் அசையவே இல்லையே.”

பொய்தான். ஆனால் நல்ல பொய்.

ஏப்ரல் 11

கிளினிக். நர்ஸ் தராசுத் தட்டில் பஞ்சுவைக் கிடத்தினார். எண்ணைப் பார்த்தார். எடுத்தார். மறுபடி கிடத்தினார். இரண்டாவது தடவையும் அதே எண். பிறந்தபோது இருந்த எடைக்குக்கூட இன்னும் வந்து சேரவில்லை.

“நல்லாத் தூங்கறானா?”

“ரொம்ப நல்ல பிள்ளை, அழவே மாட்டான்” என்றாள் அக்கா, பெருமையாக.

நர்ஸ் சிரிக்கவில்லை. “சரியாக் குடிக்காத குழந்தைக்கு அழவும் தெம்பு இருக்காதும்மா. தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்க. அடுத்த வாரம் எடை ஏறலைன்னா அட்மிட் பண்ணிடணும்.”

டாக்டரும் பார்த்தார். உடம்பில் வேறு கோளாறு இல்லையாம்.

பஸ்ஸில் அம்மா மெதுவாக, “உனக்குப் பால் பத்தலையோ என்னவோ” என்றாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும்வரை நான் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

ஏப்ரல் 12

பால் கொடுத்துக்கொண்டே அழுகிறாள். தன் உடம்பில்தான் குறை என்று நினைக்கிறாள். இல்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லணும். சொன்னா கொன்னுடுவா. சொல்லலைன்னா? பஞ்சு ஆஸ்பத்திரியில், கையில் ஊசியோடு —

சாயங்காலம்: சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குப் பால் பத்தாம இல்லக்கா. அவன் கேட்டான். நான்தான் டிரையரைப் போட்டு அமுக்கிட்டேன். நீ தூங்கட்டுமேன்னு.”

“எப்பவாவதா?”

“தினமும்.”

அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். மடித்த துணியைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“எனக்கும் ஒரு தடவை முழிப்பு வந்துதுடி. டிரையர் சத்தம் கேட்டுச்சு. நீ பாத்துக்குவேன்னு திரும்பிப் படுத்துட்டேன்.”

துணியை ஓரமாக வைத்தாள். அப்புறம் அவளே சொன்னாள்: “என்னை எத்தனை விதமா எழுப்பியிருக்க? மூக்குல இறகு, காதுல தண்ணி. அந்தப் புத்தியை இப்போ அவன்கிட்டக் காட்டு. தண்ணி மட்டும் வேண்டாம்.”

சூப்பான் டப்பாவுக்குள். டிரையர் அலமாரி உச்சியில்.

ஏப்ரல் 13

நர்ஸ் சொன்ன வரிசை: குடிக்கணும், கொஞ்சம் முழித்திருக்கணும், பிறகு தூங்கணும். சொல்வதற்கு எளிது. சுற்றிய துணியை அவிழ்த்தேன். உள்ளங்காலைத் தேய்த்தேன். ஈரத்துணியால் கன்னத்தைத் துடைத்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தான். பிடிக்கவில்லை போல, மூடிக்கொண்டான்.

என்னால் எழுப்ப முடியாத ஆள் இதுவரை இருந்ததில்லை. டயபரைக் கழற்றியதும்தான் முகம் சுளித்தான்.

“இப்பத் தா, இப்பத் தா” என்று அக்கா வாங்கிக்கொண்டாள். நாலு இழுப்பு. மறுபடி தூக்கம். மறுபடி உள்ளங்கால்.

ஏப்ரல் 14

டயபர் நனைந்தால் வயிற்றுக்குள் பால் போகிறது என்று அர்த்தம். ஒருத்தன் மூத்திரம் போக மாட்டானா என்று நான் ஏங்குவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. காலையில் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 16

ஈரம். நல்ல கனம்.

அம்மா வேலையிலிருந்து போன் செய்து கேட்டாள். “பரவலாக மழை” என்றேன். அக்கா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனாலும் எடை? நாளை மறுநாள்.

ஏப்ரல் 18

நர்ஸ் ஒரே ஒரு தடவைதான் எடை போட்டார். இந்தத் தடவை சிரித்தார்.

ஏப்ரல் 25

கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார். பிள்ளை போடும் கூச்சலில் பகலில் கண்ணை மூட முடியவில்லையாம். அவர் பேசும்போதே உள்ளே பஞ்சு பசிக்கு ஆரம்பித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா ஓடவில்லை. கொண்டையை முடிந்துகொண்டு நடந்துதான் போனாள்.

அம்மா அவருக்கு நாற்காலி போட்டு, பிஸ்கட் தட்டை நீட்டி, “அப்படியா? கீழ வரைக்குமா கேக்குது?” என்று ஆசையாகத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மனிதர் குழம்பிப்போனார்.

நான் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்த டிரையரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தூக்கம் வர நல்ல சாமான், பெரியவர்களுக்கு மட்டும் என்றேன்.