எங்கள் கூடத்துக்கு வந்த முதல் கல்யாணம்

12-11-1974, செவ்வாய்

தாத்தா முத்துக் குளித்த காசில் கட்டிய வீடு இது. இதன் கூடத்தைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடவேண்டும் என்பது என் ஆசை. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு விற்றுவிடலாம் என்கிறான் மகன். இன்று ஆற்றங்கரை ஊர் விவசாயி ஒருவர், மகள் கல்யாணத்துக்காக, மனைவியோடு பார்க்க வந்தார்.

"அண்ணாச்சி, இந்தக் கூடத்தில யாரும் செத்திருக்காங்களா?" என்று கேட்டார். இல்லையென்று சொல்லும்படி மகன் கண்ணைக் காட்டினான்.

"தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா எல்லாரும் இங்கனதான் போனாங்க. எண்பது வயசுக்கு முன்னால ஒருத்தரும் போகல" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். அவர் மனைவி அசையவில்லை. "உக்காருங்க. எம்மகளும் அப்படி இருந்து வாழட்டும்" என்று வெற்றிலை பாக்கை என் கையில் வைத்துவிட்டார்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களாப்பா?" என்று மகன் பிறகு ஏசினான். ஏசட்டும். இந்த வயதில் புதிதாகக் கற்ற எழுத்து, விரல் வலிக்கிறது. இருந்தாலும் இதை எழுதாமல் படுக்க மாட்டேன். தை மாதம் நம் வீட்டில் கல்யாணம்.